லாரியோடு போகும் குட்டிப் பட்டறை!

நாமக்கல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர், கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயர். அடுத்தது முட்டை. ஆனால், நெடுஞ்சாலையில் பிழைப்பு நடத்துகிறவர்களிடம் இந்த ஊரின் பெயரைச் சொன்னால் அவர்கள் மனதில் ஓடுவது லாரி. பஞ்சாபில் தாபா நடத்துகிறவருக்கும், நாக்பூரில் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் நாமக்கல் என்பது வண்டியின் நெற்றியில் பார்த்துப் பழகிய பெயர்.

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை நாமக்கல் வழியாகத்தான் போகிறது. பழைய டிரைவர்கள் இன்னமும் இதை ‘செவன்’ என்றே சொல்வார்கள். எண்கள் மாறுவதற்கு முன்பு இந்தப் பகுதிக்கு 7-ம் எண். இந்தச் சாலையில் வடக்கே கிளம்பும் லாரி வீடு திரும்ப பத்து நாள் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். அதற்குள் ஏதாவது ஒன்று அறுந்துபோகும், ஒழுகும், வெடிக்கும், சூடேறி நிற்கும். அது நடக்கும் இடம் பெரும்பாலும் ஊருக்கும் ஊருக்கும் நடுவில்தான். மெக்கானிக் வருவதற்குள் பொழுது விடிந்துவிடும், அல்லது சாய்ந்துவிடும்.

அந்த நேரத்துக்காகவே ஒவ்வொரு லாரியின் இடுப்பிலும் ஓர் இரும்புப் பெட்டி தொங்குகிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தால் அந்த லாரி எந்தச் சாலையில் ஓடுகிறது, அதை ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடலாம்.

பெட்டி பிறக்கும் இடம்

தொழிற்சாலையிலிருந்து வரும் புது லாரி பெரும்பாலும் வெறும் சேஸிஸ்தான். இன்ஜின், சக்கரங்கள், நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள். சில வண்டிகளுக்கு கேபின்கூட இருக்காது. தலைக்கு ஹெல்மெட்டும் முகத்துக்குத் துண்டும் கட்டிக்கொண்டு, காற்றில் உட்கார்ந்தபடி ஓட்டி வருபவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருக்கலாம். அப்படி வரும் வண்டிக்குக் கூண்டு கட்டுவதில் பேர் பெற்ற ஊர் நாமக்கல். வெல்டர், தச்சர், பெயின்டர், வயரிங்காரர் என்று ஒரு வண்டியைச் சுற்றி ஒரு கூட்டமே வேலை பார்க்கும்.

டூல் பாக்ஸ் எங்கே வர வேண்டும், எவ்வளவு நீளம், எத்தனை தட்டு என்பதெல்லாம் இந்தப் பட்டறையில்தான் முடிவாகிறது. அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் நின்று சொல்லிச் செய்ய வைப்பார். பெட்டி இடது பக்கம் இருந்தால் நல்லது. நம் நாட்டில் வண்டிகள் இடது ஓரமாகத்தான் நிற்கின்றன. ராத்திரி நேரத்தில் குனிந்து ஸ்பேனர் தேடுகிறவரின் முதுகை உரசிக்கொண்டு பஸ் போகாது. பெட்டியின் கதவு மேலிருந்து கீழே திறந்தால், அந்தக் கதவே சாமான் பரப்பிவைக்கும் பலகையாகிவிடும். மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் துளை. பூட்டு மட்டும் நல்ல பூட்டாக இருக்க வேண்டும். டிரைவர் அசந்து தூங்கும் நேரத்தில் ஜாக்கியும், தார்ப்பாயும், கயிறும் காணாமல் போவது எல்லா மாநிலத்திலும் உண்டு. ஸ்டெப்னியைச் சங்கிலி போட்டுக் கட்டுவதும் அதனால்தான்.

பெட்டி தயாரானதும் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். கிரீஸ் வாசமும் ரப்பர் வாசமும் கலந்த அந்தக் கடைகளில், மேலே கொக்கியில் ஃபேன் பெல்ட்டுகள் மாலை மாலையாகத் தொங்கும். எதையெல்லாம் வாங்குவது? ஒரு லாரியில் ஆயிரக்கணக்கான பாகங்கள். எல்லாவற்றுக்கும் மாற்று வாங்கினால் சரக்கு ஏற்ற இடம் இருக்காது. இங்கேதான் டிரைவர்களின் கணக்கு வேலை செய்கிறது. இது போனால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடுமா? கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்தே மாற்ற முடியுமா? அடுத்த ஊர்க் கடையில் கிடைக்காதா? மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் அது பெட்டிக்குள் போகும்.

ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், ஏர் பைப்பும் அதை இணைக்கும் ஜாயின்டர்களும், பிரேக் சேம்பருக்குள் போடும் ரப்பர் டயாஃப்ரம், வீல் போல்ட், நட்டு, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட், பல்பு, ஃபியூஸ், வயர். இவை கட்டாயம். பெல்ட் விஷயத்தில் சிக்கனக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட் முழுதாகத் தேய்வதற்கு முன்பே கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டு, பழையதைப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். அவசரத்துக்கு அது ஊர் வரை கொண்டு சேர்த்துவிடும்.

வேல்ஸ் நாட்டுத் தெருவும் நம்மூர் ஸ்டெப்னியும்

பெட்டிக்குள் அடங்காத ஒரே ஸ்பேர், மாற்றுச் சக்கரம். ‘ஸ்டெப்னி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அங்கே 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் இருவர், பஞ்சரான சக்கரத்தின் மேல் மாட்டி ஓட்டக்கூடிய ஒரு மாற்றுச் சக்கரத்தை விற்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து கார்களில் மாற்றுச் சக்கரம் வைக்கும் வழக்கமே இல்லை. அவர்களின் சக்கரத்துக்குத் தெருவின் பெயரே பெயரானது. இங்கிலாந்தில் அந்தச் சொல்லைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டார்கள். இந்தியாவில் கன்னியாகுமரியில் இறங்கிக் கேட்டாலும், ஜம்முவில் கேட்டாலும் ‘ஸ்டெப்னி’ என்றால் புரியும். ஜாக்கி, பஞ்சர், ஸ்டெப்னி, இந்த மூன்று சொற்கள் தெரிந்த தமிழ் டிரைவருக்கு இந்தி தெரியாவிட்டாலும் பாதி வேலை முடிந்தது.

லாரிச் சக்கரம் டிஸ்க்கோடு சேர்த்து எண்பது, தொண்ணூறு கிலோ வரை இருக்கும். அதைத் தூக்கி மாட்டுகிறவர்கள் உண்மையில் தூக்குவதில்லை. டயர் லிவர் ஒன்றைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, நெம்பி நெம்பி போல்ட் துளைகளுக்கு நேராகக் கொண்டுவருவார்கள். நட்டைக் கழற்றும் வீல் ஸ்பேனரின் முனையில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகிக்கொள்வார்கள். பிடி நீளமாக நீளமாக, ஒல்லியான ஆளுக்கும் பலம் கூடிவிடும். அந்தக் குழாய் வெறும் பழைய இரும்புதான். ஆனால், அதைக் கேட்டால் எந்த டிரைவரும் கொடுக்க மாட்டார். பல பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரங்களின் நட்டுகள் தலைகீழாக, அதாவது வலப்பக்கமாகச் சுற்றினால் கழலும். இது தெரியாத புதியவர் முறுக்கி முறுக்கி, கடைசியில் போல்ட்டையே உடைத்துவிட்டுக் கைபிசைந்து நிற்பார்.

ஜாக்கி போடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பது. நல்ல காரியத்துக்கு யாராவது குறுக்கே நின்றால் ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று திட்டுவது நம் வழக்கம். லாரிக்கு அடியில் படுக்கப் போகிறவருக்கு அந்த முட்டுக்கட்டைதான் உயிர். முக்கோணமாக வெட்டிய இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தட்டைப் பலகையும் வேண்டும். வெயிலில் இளகிய தாரிலும், மழையில் ஊறிய மண்ணிலும் ஜாக்கி தனியாக நின்றால் உள்ளே இறங்கிவிடும். ஜாக்கி தூக்கிய வண்டியை, கட்டை அடுக்கித் தாங்கவைக்காமல் அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது.

டயர் வேலையில் எல்லோரும் பயந்து மதிப்பது ‘லாக் ரிங்’. டியூப் போட்ட லாரி டயரை டிஸ்க்கில் இறுத்திப் பிடிக்கும் இரும்பு வளையம் அது. சரியாக உட்காராத நிலையில் காற்றடித்தால் வளையம் தெறித்துப் பறக்கும். எதிரில் ஆள் இருந்தால் பிழைப்பது கடினம். லாரி டயரில் ஏற்றுவது 100 பவுண்டுக்கும் மேற்பட்ட காற்று. அதனால், வளையம் தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டோ, சங்கிலி சுற்றியோ, விலகி நின்றுதான் காற்றடிக்க வேண்டும். காற்றுக்குப் பம்ப் தேட வேண்டியதில்லை. பிரேக்குக்காக லாரியே காற்றை அடைத்து வைத்திருக்கிறது. நீளமான ஒரு ஹோஸ் இருந்தால் அந்த ஏர் டேங்கிலிருந்தே டயருக்குக் காற்று எடுக்கலாம்.

வெடித்த பிறகு மாற்றுவதைவிட, வெடிக்கும் முன்பே கண்டுபிடிப்பது லாபம். டீக்கடையில் நிறுத்தியதும் இறங்கி, கையிலிருக்கும் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக்கொண்டே ஒருவர் வண்டியைச் சுற்றி வருவதைப் பார்க்கலாம். காற்று இருக்கும் டயர் ‘டங்’ என்று எதிரொலிக்கும். இறங்கிய டயர் ‘தொப்’ என்று செத்த சத்தம் போடும். ஜோடிச் சக்கரத்தில் உள்பக்க டயர் இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். கவனிக்காமல் ஓட்டினால் மொத்தப் பாரமும் பக்கத்து டயரில் விழுந்து, அதுவும் சூடேறி வெடிக்கும். அதே சுற்றில் சக்கரத்தின் நடுவே கையைப் புறமாகத் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் உள்ளே பேரிங்கோ, பிரேக்கோ மக்கர் செய்கிறது என்று அர்த்தம்.

ஏறும்போது தண்ணீர், இறங்கும்போது காற்று

நாமக்கல்லிலிருந்து சேலம், ஓமலூர் தாண்டியதும் வருகிறது தொப்பூர் கணவாய். தர்மபுரி மாவட்டத்துக்குள் ஏறும் இந்த மலைப்பாதை, வடக்கே போகும் லாரிக்கு முதல் பரீட்சை. முழுப் பாரத்தோடு, கீழ் கியரில், மெதுவாக ஏறும்போது இன்ஜின் கொதிக்கும். ஹோஸ் பழசாக இருந்தால் இங்கேதான் பிளக்கும். அதனால்தான் எந்த லாரியிலும் தண்ணீர் கேன் காலியாக இருக்காது. சோறு பொங்கவும் அதே தண்ணீர், ரேடியேட்டருக்கும் அதே தண்ணீர். ஆவி பறக்கும் ரேடியேட்டரின் மூடியை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். ஒரு டீ குடிக்கும் நேரம் பொறுத்து, ஈரச்சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திருகுவதுதான் முறை.

திரும்பி வரும்போது இதே கணவாய் வேறு முகம் காட்டும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பாதையில் நடந்த விபத்துகள் எத்தனையோ. டீசல் மிச்சம் பிடிக்க நினைத்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளி இறங்குகிறவர்களுக்கு, பாரத்தைப் பிடிக்க பிரேக் மட்டும்தான் மிச்சம். விடாமல் மிதித்தால் பிரேக் லைனிங் சூடேறி, பிடிக்கும் குணத்தை இழக்கும். கீழ் கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். இந்த இடத்தில் எந்த டூல் பாக்ஸும் உதவாது. மலை உச்சியில் நிறுத்தி காற்று அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று மீட்டரைப் பார்ப்பதும், பிரேக்கைச் சோதிப்பதும்தான் டிரைவர் கையிலிருக்கும் ஒரே ஆயுதம்.

லாரியின் பிரேக் காற்றால் இயங்குகிறது. பின்சக்கர பிரேக்குக்குள் வலுவான ஒரு ஸ்பிரிங் அடைபட்டுக் கிடக்கும். காற்று இருக்கும் வரை அது அடங்கியிருக்கும். பைப் அறுந்து காற்றெல்லாம் போய்விட்டால், ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். வண்டி நட்டநடுச் சாலையில் நகராமல் நிற்கும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான் இது. அப்படி நின்ற வண்டியை ஓரங்கட்ட, ஸ்பிரிங்கைத் திரும்பச் சுருக்கிப் பிடிக்கும் நீள போல்ட் ஒன்று உண்டு. அதைத் திருகினால் சக்கரம் விடுபடும். கூடவே அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் போய்விடும். முட்டுக்கட்டை வைக்காமல் போல்ட்டைத் திருகினால், சரிவில் நிற்கும் வண்டி தானாக உருளும். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதைவிட, அதற்கு முன் எதை எடுப்பது என்று தெரிந்தவர்தான் டிரைவர்.

சோப்புக்கட்டியும் பழைய டியூப்பும்

கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு தாண்டி அனந்தபூர், கர்னூல் என்று சாலை நீள நீள ஊர்களுக்கு இடையே தூரம் கூடும். கடையில் விலை கொடுத்து வாங்காத சாமான்களுக்கு மரியாதை வருவது இங்கேதான்.

முதலாவது, பழைய டியூப். நீள நீளமாக வெட்டிய ரப்பர் வார்களைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பிளந்த ஹோஸின் மேல் இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியை முறுக்கினால் அடுத்த ஊர் வரை தாங்கும். ஆடும் பேட்டரியைக் கட்ட, சத்தம் போடும் தகரத்துக்கு இடையில் கொடுக்க, தார்ப்பாயை இழுத்துப் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் அதுவே.

அடுத்தது, குளிக்கும் சோப். டீசல் டேங்க்கில் கல் தெறித்து மெல்லிய விரிசல் விழுந்தால், ஈரமில்லாத சோப்புக்கட்டியை அதில் அழுத்தித் தேய்ப்பார்கள். சோப் டீசலில் கரையாது என்பதால் ஒழுகல் நிற்கும். பிறகு வெல்டிங் பட்டறையில் பார்த்துக்கொள்ளலாம்.

டீசல் தீர்ந்து வண்டி நின்றாலோ, ஃபில்டரில் காற்று புகுந்தாலோ, பழைய இன்ஜின்களில் டீசலை ஊற்றியதும் ஸ்டார்ட் ஆகாது. ‘ஏர் லாக்’. ஃபில்டரின் மேலுள்ள சிறு போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் தெளிந்த டீசல். அப்போது போல்ட்டை இறுக்கிவிட்டால் இன்ஜின் பேசும். ஒரு ஸ்பேனரும் ஒரு கட்டைவிரலும் போதும்.

இரண்டு துண்டு வயரும் 24 வோல்ட் பல்பும் சேர்ந்தால் டெஸ்ட் லேம்ப். எந்த வயரில் கரன்ட் வருகிறது, எதில் வரவில்லை என்று காட்டிவிடும். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸைப் போட வேண்டும். அவசரத்துக்குச் செம்புக் கம்பியை முறுக்கிவிட்டால் விளக்கு எரியும். சில சமயம் கேபினும் சேர்ந்து எரியும்.

இவற்றோடு அடுப்பு, குக்கர், ஒரு பை அரிசி, பருப்பு, ஊறுகாய். சமையல் சாமானும் ஸ்பேர் பார்ட்ஸ்தான் என்பார்கள் டிரைவர்கள். ஆக்ஸில் உடைந்து, உதிரிபாகம் இன்னொரு ஊரிலிருந்து வர இரண்டு நாள் ஆனால், வண்டியையும் சரக்கையும் விட்டுவிட்டு எங்கே போவது? லாரிக்கடியில் நிழல், பக்கத்தில் அடுப்பு. அங்கேயே காத்திருக்க வேண்டும். முட்டை லோடு என்றால் வெயிலைப் பார்த்து நெஞ்சு வேறு அடித்துக்கொள்ளும்.

வழியில் கடையில் மாற்றிய பாகத்துக்குத் துண்டுச்சீட்டில் பில் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் கிடைக்காது. ஊரில் முதலாளிக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே! அதனால், உடைந்துபோன பழைய பாகத்தைச் சாக்கில் சுற்றிப் பெட்டியின் மூலையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒன்றுக்கும் ஆகாத அந்த இரும்புத் துண்டு, டிரைவரின் நாணயத்துக்குச் சாட்சி. கனமென்று பாராமல் ஆயிரம் மைல் சுமந்து வருவது அதற்காகத்தான்.

கிளீனர் படித்த பள்ளிக்கூடம்

இத்தனை நுணுக்கமும் எங்கே படித்தது? அந்தப் பெட்டியிடம்தான். பதினெட்டு, இருபது வயதில் கிளீனராக ஏறும் பையனுக்கு முதல் பாடம், கேட்ட ஸ்பேனரை இருட்டில் தடவி எடுத்துக் கொடுப்பது. பத்தொன்பதாம் நம்பர் கேட்டால் பதினேழு போகக் கூடாது. “தம்பி, கட்டையப் போட்டியா?” என்று அண்ணன் கேட்கும் முன்பே கட்டை போட்டிருக்க வேண்டும். அடுத்த வருடம் நட்டு கழற்றுவான். அதற்கடுத்து பிரேக் அட்ஜஸ்ட் செய்வான். ஸ்டீயரிங் கைக்கு வரும்போது, வண்டியின் எலும்பும் நரம்பும் அத்துப்படியாகியிருக்கும். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வான்.

ஆயுத பூஜையன்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் இந்த மரியாதையைக் கண்ணாரக் காணலாம். வண்டிக்கு மாலை போடுவதோடு நிறுத்த மாட்டார்கள். ஜாக்கி, லிவர், ஸ்பேனர் எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடைத்து, வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள்.

இன்று பல லாரிகளில் கிளீனர் சீட் காலி. வாடகைக்கும் டீசலுக்கும் நடுவில் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்பது உரிமையாளர்களின் வருத்தம். கிளீனர் வேலைக்கு வர இளைஞர்களுக்கு மனமில்லை என்பது டிரைவர்களின் வருத்தம். தனியாளாக ஓட்டுபவருக்கு எண்பது கிலோ சக்கரத்தை மாற்றும்போது லிவரைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருவர் அடியில் படுத்திருக்கும்போது பின்னால் நின்று டார்ச் காட்டவும் ஆளில்லை. கைமாற்றிக் கொடுக்க வேண்டிய பாடம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

தொடக் கூடாத இடங்கள்

நாமக்கல் எரிவாயு டேங்கர் லாரிகளுக்கும் பேர் போன ஊர். அவற்றின் பெட்டியில் வேறு ஒழுங்கு. சுத்தியலால் இரும்பைத் தட்டினால் பறக்கும் ஒரு பொறி போதும். எனவே பொறி பறக்காத பித்தளைக் கருவிகள் வேண்டும். தீயணைப்பான்கள், உள்ளே என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய அவசர அட்டை ஆகியவை கூடவே போகும். வால்வில் கசிவு என்றால் தானே சரிசெய்ய முயலாமல் இன்ஜினை அணைத்து, ஆட்களை விலக்கி, தகவல் சொல்வதுதான் அங்கே திறமை.

‘கையை வைக்காதே’ என்ற அந்தப் பாடத்தை இப்போது எல்லா லாரி டிரைவர்களுமே படிக்க வேண்டியிருக்கிறது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 4, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்று புகை விதிகள் இறுகின. காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், புதிய இன்ஜின்களில் டீசல் ஆயிரம் பாருக்கும் அதிகமான அழுத்தத்தில் பாய்கிறது. பழைய பழக்கத்தில் ஓடும் இன்ஜினின் பைப் நட்டைத் தளர்த்தினால், அந்தக் கண்ணுக்குத் தெரியாத தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்து வண்டி இழுவையைக் குறைத்துக்கொண்டால், எந்த சென்சார் என்று சொல்ல ஸ்கேனர் வேண்டும். பெட்டியிலுள்ள ஸ்பேனர் அங்கே பயன்படாது.

டூல் பாக்ஸிலும் மாற்றம் வந்திருக்கிறது. பல லாரிகளில் நீல மூடி போட்ட யூரியா திரவத் தொட்டி ஒன்று சேர்ந்திருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் இந்தத் திரவத்தில் யூரியா 32.5 சதவிகிதம், மீதி சுத்திகரித்த நீர். அது தீர்ந்தால் வண்டியின் வேகமும் வலுவும் அடங்கிவிடும். ரேடியேட்டருக்கு ஊற்றும் குழாய்த் தண்ணீரை இதில் ஊற்றினால் செலவு பெரிதாகும். ஆகவே, ஒரு கேன் திரவமும், சார்ஜ் உள்ள மொபைலும், நிறுவனத்தின் உதவி எண்ணும் இன்றைய ஸ்பேர்கள். தேசிய நெடுஞ்சாலையில் எங்கே நின்றாலும் அழைக்க 1033 என்ற எண் இருக்கிறது.

அதற்காகப் பழைய பெட்டி செத்துவிடவில்லை. எத்தனை சென்சார் வந்தாலும் டயர் பஞ்சராகத்தான் செய்யும், நட்டு தளரத்தான் செய்யும், கயிறு அறுந்தால் வேறு கயிறு கட்டத்தான் வேண்டும். ஜாக்கியும், லிவரும், முட்டுக்கட்டையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

சாலையில் கிடக்கும் கிளை

டிரைவர்கள் மிகவும் அஞ்சுவது பழுதைக் கண்டு அல்ல. நின்ற இடத்தில், பின்னால் வரும் வண்டி மோதிவிடுமோ என்பதுதான். பேட்டரி செத்து, பின்விளக்கும் அணைந்து, இருட்டோடு இருட்டாக நிற்கும் லாரி ஒரு சுவருக்குச் சமம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டிவிடும். லாரிக்குப் பத்து மீட்டர் பின்னால் அடையாளம் வைத்தால், காரோட்டிக்குக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. பிரதிபலிக்கும் சிவப்பு முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். வளைவு என்றால் வளைவுக்கும் முன்னால். அது இல்லாதவர்கள் மரக்கிளையை ஒடித்துப் போடுவார்கள், கற்களை வரிசையாக வைப்பார்கள். குடும்பத்தோடு இரவில் காரில் போகும்போது சாலையில் பச்சை இலைக்கொத்து கிடந்தால், காற்றில் விழுந்ததென்று நினைக்க வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள். சற்றுத் தள்ளி, ஒரு லாரிக்கு அடியில் யாரோ ஒருவர் படுத்திருக்கலாம்.

வேலை முடிந்ததும், நல்ல டிரைவர் ஸ்பேனர்களை எண்ணிப் பெட்டியில் போடுவார். கையை மண்ணாலும் டீசலாலும் தேய்த்துக் கழுவுவார். பிறகு டார்ச்சோடு பின்னால் நடந்து போய், கிளையை இழுத்து ஓரத்தில் போட்டு, அடையாளத்துக்கு வைத்த கற்களையும் சக்கரத்துக்குக் கொடுத்த கற்களையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாலையை விட்டுத் தள்ளுவார். விட்டுவிட்டுப் போனால் பின்னால் வரும் பைக்காரர் விழுவார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பட்டியலில் இல்லாத அந்தக் கடைசி வேலையையும் செய்துவிட்டுத்தான் கேபினில் ஏறுவார். சரக்கு இறங்க வேண்டிய ஊர் இன்னும் தொலைவில் இருக்கும்.